டெஸ்டிங்கை ஆட்டோமேட் செய்தால் காசு மிச்சமாகுமா? ஓனருக்குக் காட்ட வேண்டிய கணக்கு

கேள்வி: ஓசூரில் 14 பேர் வேலை செய்யும் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டெஸ்டிங் பார்க்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் உள்ள மாங்கூழ் ஆலைகள், மண்டிகள், கிரானைட் யூனிட்டுகளுக்கு எடைமேடை, பில்லிங், கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். மாதம் இரண்டு ரிலீஸ், அதாவது புதுப் பதிப்பு கஸ்டமருக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் நானும் இன்னொருவரும் எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு கையால்தான் சோதிக்கிறோம். ஆட்டோமேஷன் செய்யலாம், அதாவது சோதிப்பதையும் ஒரு புரோகிராமே தானாகச் செய்யும்படி எழுதலாம் என்றேன். "எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு" என்கிறார் ஓனர். எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் ஓனர் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார். பெங்களூரில் 11 வருடம் டெஸ்டிங் வேலையில் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் இருந்தபடி உங்களைப் போன்ற சின்ன நிறுவனங்களுக்கு வேலை செய்கிறேன். இதே கேள்விக்கு நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த கணக்கு தப்பான கணக்கு. அது ஏன் தப்பு என்று தெரிந்தால்தான் சரியான கணக்கு புரியும் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எல்லோரும் போடுவது சம்பளக் கணக்கு. கையால் சோதிக்க இத்தனை நாள் ஆகிறது, அதற்கு இவ்வளவு சம்பளம் போகிறது, ஆட்டோமேட் செய்துவிட்டால் அது மிச்சம். உங்கள் நிலைமைக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் நான் வைத்துக்கொண்ட உத்தேசம்; உங்கள் ஆபீஸ் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எக்செல் ஷீட்டில் 320 டெஸ்ட் கேஸ் (சரிபார்க்க வேண்டிய வரிகள்) இருக்கிறது, ஒன்றைப் பார்க்கச் சராசரியாக 4 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,280 நிமிடம், 21 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளில் உருப்படியாக 7 மணி நேரம் வேலை நடக்கும் என்றால் ஒரு ரிலீஸுக்கு ஒரு ஆளுக்கு 3 நாள். வருடத்துக்கு 24 ரிலீஸ் என்றால் 72 நாள். ஒரு டெஸ்டருக்கு நிறுவனம் மாதம் சுமார் 30,000 ரூபாய் செலவழிக்கிறது என்றால் நாளுக்கு 1,400 வரும். ஆக, கையால் சோதிக்க வருடத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 1 லட்சம்.

இப்போது 320-இல் 200-ஐ ஆட்டோமேட் செய்யப் போகிறீர்கள். ஒன்றை எழுதி, ஓட்டிப் பார்த்து, நம்பும்படி ஆக்குவதற்குச் சராசரியாக இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதற்குக் குறைவாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். 500 மணி நேரம், அதாவது 71 நாள். இந்த வேலை தெரிந்தவருக்கு நாளுக்கு 2,500 ரூபாயாவது ஆகும். 1,77,500 ரூபாய். அதோடு முடியாது. ஸ்கிரீன் மாறும், பட்டன் இடம் மாறும், டெஸ்ட் உடையும், சரி செய்ய வேண்டும். மாதம் 2 நாள் என்றால் வருடத்துக்கு இன்னொரு 60,000.

மிச்சம் எவ்வளவு? அந்த 200 கேஸை இனிக் கையால் பார்க்க வேண்டாம். ஒரு ரிலீஸுக்கு 800 நிமிடம், வருடத்துக்கு 320 மணி நேரம், சுமார் 46 நாள். நாளுக்கு 1,400 வீதம் 64,400 ரூபாய். பராமரிப்புக்கு மட்டும் 60,000 போய்விட்டதே! கையில் நிற்பது 4,400 ரூபாய். ஒன்றே முக்கால் லட்சம் போட்டுவிட்டு வருடத்துக்கு 4,400 ரூபாய் எடுப்பதற்குப் போட்ட காசைப் பேங்கிலேயே வைத்திருக்கலாம்.

இந்தக் கணக்கு வெளிநாட்டில் ஓரளவு நிற்கலாம், இங்கே விழும். காரணம் எளிது. அங்கே டெஸ்டரும் ஆட்டோமேஷன் ஆளும் இருவருமே செலவு பிடித்தவர்கள். இங்கே கையால் சோதிப்பவருக்கு ஓசூர் சம்பளம், ஆட்டோமேஷன் தெரிந்தவருக்குக் கிட்டத்தட்ட பெங்களூர் சம்பளம். அந்த இடைவெளியிலேயே மிச்சம் கரைந்துவிடும். அதனால் இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் லாபக் கணக்கு எக்செல் எதையும் எடுத்து ஓனரிடம் நீட்டாதீர்கள். கணக்குத் தெரிந்தவர் என்றால் ஐந்து நிமிடத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் எது சொன்னாலும் எடுபடாது.

சரி, அப்படியென்றால் எதற்காக ஆட்டோமேஷன்? காசு ஒழுகும் இடம் டெஸ்டர் சம்பளம் இல்லை. வேறு இடத்தில் ஒழுகுகிறது, அது நம் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பின் கீழும் வருவதில்லை. எனக்கு இது புரிந்த நாளைச் சொல்கிறேன்.

ஒரு ஜூன் மாதம். நம் மாவட்டத்தில் ஒரு மாங்கூழ் ஆலை. பெங்களூரா ரக மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்தது. கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் டிராக்டரும் பிக்கப்புமாக வரிசை. நான் வேலை செய்துகொடுத்த நிறுவனத்தின் மென்பொருள்தான் எடைமேடையில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் ஒரு சின்ன அப்டேட் போட்டிருந்தோம், கேட்டில் வண்டி வந்து போகும் நேரத்துக்கு ஒரு புது ரிப்போர்ட். நானும் அன்று அங்கே இருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெரியவர் எடைமேடை ஜன்னலுக்கு வந்தார். கையில் துண்டுச்சீட்டு. அதன் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டிருந்தார். லோடோடு எடை 4,120 கிலோ. காலி வண்டி 1,780. நிகர எடை 2,340. அந்த ஆலையில் நிகர எடையில் 2 சதவீதத்தைக் கழிவு என்று கழித்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள், அதாவது 47 கிலோ. சீட்டில் 82 என்று அச்சாகியிருந்தது. "சார், எப்பவும் நாப்பத்தேழு வரணும். இது என்ன எண்பத்திரண்டு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

கழிவை நிகர எடையில் போடுவதற்குப் பதிலாக மென்பொருள் லோடு எடையில் போட்டுக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டுக்காக ஒரு ஃபங்ஷனை (புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் சின்னப் பகுதி) திருத்திய டெவலப்பர், 'எடை' என்ற பெயரில் இருந்த ஒன்றை மாற்றியிருக்கிறார். அதே பெயரைக் கழிவுக் கணக்கும் நம்பிக்கொண்டிருந்தது. டெஸ்டர் புது ரிப்போர்ட்டை ஒழுங்காகப் பார்த்து ஓகே சொன்னார். கழிவை யாரும் பார்க்கவில்லை. தொடவே தொடாத இடம், அதை எதற்குப் பார்ப்பது? அங்கே யார் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பெரியவருக்கு 35 கிலோ நஷ்டம். அன்றைய விலை கிலோ 12 ரூபாய், 420 ரூபாய். ஆனால் அதற்குள் 160 சீட்டு போயிருந்தது. அன்று முழுக்கக் கால்குலேட்டரில் கையால் பில் போட்டார்கள், வரிசை இன்னும் நீண்டது. வெயிலில் பழம் வண்டியிலேயே கிடந்தது. 160 சீட்டையும் திரும்பக் கணக்குப் போட்டு, ஊர் ஊராகப் போன் பண்ணி, பாக்கியைக் கொடுத்து முடிக்க எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு நான்கு நாள் ஆனது. அடுத்த வருடம் அந்த ஆலை ஏஎம்சியை (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கவில்லை. வருடத்துக்கு 90,000 ரூபாய் அதோடு போனது.

அதைத் தடுத்திருக்கக்கூடிய டெஸ்ட் மூன்று வரிதான். 4,120 கொடு, 1,780 கொடு, 2 சதவீதம் கொடு, பதில் 47 வர வேண்டும். பிறகு எழுதினோம். ஓடுவதற்கு ஒரு வினாடிகூட ஆவதில்லை. டெவலப்பர் கோடிங்கை மாற்றிச் சேமித்த நிமிடமே தப்பு என்று சிவப்பாகக் காட்டியிருக்கும், அவருக்கு என்ன மாற்றினோம் என்பது அப்போது நினைவில் இருந்திருக்கும், இரண்டு நிமிடத்தில் சரி செய்திருப்பார்.

இதைத்தான் உங்கள் ஓனரிடம் கணக்காகக் காட்ட வேண்டும். கதையாகச் சொல்லாதீர்கள், அவருடைய சொந்த ஆபீஸ் ரிஜிஸ்டரிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்.

போன வருட சப்போர்ட் ரிஜிஸ்டரை எடுங்கள். ரிஜிஸ்டர் இல்லையென்றால் கஸ்டமர் வாட்ஸப் குரூப் போதும், அதில் எல்லாமே இருக்கும். ஒவ்வொரு புகாரையும் படித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது புதிதாகக் கேட்ட வசதியா, அல்லது "முன்னாடி ஓடிச்சு, இப்ப ஓடல" என்ற வகையா? இரண்டாவது வகையை மட்டும் எண்ணுங்கள். டெஸ்டிங் பாஷையில் அதுதான் ரிக்ரெஷன். எண்ணி முடித்தபிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவானது என்று எழுதுங்கள். போன் எடுத்தவரின் நேரம், டெவலப்பர் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு இதைத் தேடிய ஒரு நாள், திரும்ப டெஸ்ட் செய்த அரை நாள், ஊத்தங்கரைக்கோ பாலக்கோட்டுக்கோ நேரில் ஓடிய செலவு. எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் அது குறைவான மதிப்புதான். வருடத்துக்கு 40 புகார் அப்படி வந்திருந்தால் 2 லட்சம். ஏஎம்சி போனது, கஸ்டமர் பணத்தை இழுத்தடித்தது எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

கையால் சோதித்தும் இவ்வளவு புகார் ஏன் தப்பி வருகிறது என்று அவர் கேட்கலாம். உங்கள் மேல் தப்பு இல்லை என்பதைத் தைரியமாகச் சொல்லுங்கள். ஷீட்டில் 320 வரி இருக்கிறது, உண்மையில் எத்தனை ஓடுகிறது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பில்ட் (சோதிக்க வேண்டிய புதுப் பதிப்பு) கைக்கு வரும், சனிக்கிழமை காலையில் கஸ்டமருக்குப் போக வேண்டும். பாதி வரி "போன தடவைதான் பார்த்தோமே" என்று தாண்டப்படும். மூன்று நாள் கொடுத்தாலும், ஒரே வேலையை இருபதாவது தடவையாகச் செய்யும் கண் 200-ஆவது வரியில் பார்க்கும், ஆனால் கவனிக்காது. ஆகவே மேலே சம்பளக் கணக்கில் வைத்த 72 நாள் என்பதே காகிதத்தில் மட்டும் இருக்கும் எண். அதில் பாதிதான் நடக்கிறது, மீதிப் பாதியை நடத்துவது கஸ்டமர்.

இன்னொரு செலவும் இருக்கிறது, எண்ணுவது கொஞ்சம் கடினம். பயம். மாங்காய் சீசன் ஏப்ரலுக்குப் பிறகு சூடு பிடித்து ஜூலை வரை போகும். அந்த மாதங்களில் யாரும் கோடிங்கைத் தொட மாட்டார்கள், தொடக் கூடாது என்று எழுதப்படாத சட்டம். ஆனால் கஸ்டமர் மென்பொருளை முழு மூச்சாகப் பயன்படுத்துவதே அப்போதுதான். அவருக்கு வேண்டியது என்ன என்று தெரிவதும் அப்போதுதான். "லோடுக்கு முன்பணம் கொடுத்தால் பில்லிலேயே பிடிக்க வேண்டும்" என்று மே மாதம் கேட்பார், நாம் ஆகஸ்டில் கொடுப்போம், அதற்குள் சீசன் முடிந்திருக்கும், அந்த வேலைக்கான பணம் அடுத்த சீசன் வரை வராது. நம்பகமான டெஸ்ட் கையில் இருந்தால் சீசன் நடுவிலும் சின்ன மாற்றத்தைத் தைரியமாக அனுப்பலாம். போன வருடம் முடிந்தும் அனுப்பாமல் தள்ளிப்போட்ட மாற்றங்கள் எத்தனை, அவற்றுக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு, எத்தனை நாள் தாமதம் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அது ஓனருக்கு உடனே புரியும், ஏனென்றால் மாதக் கடைசியில் சம்பளம் போட அந்தப் பணத்தைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். 200 வேண்டாம், 40 மட்டும் எடுங்கள். எந்த 40 என்றால், காசு நடக்கும் பாதையில் இருப்பவை: எடை, கழிவு, விலை, முன்பணம் பிடித்தம், வரி, பில் தொகை, பாக்கி. இவற்றை எழுத 100 மணி நேரம், 14 நாள், 35,000 ரூபாய். பராமரிப்பு மாதம் அரை நாள், வருடத்துக்கு 15,000. முதல் வருடம் மொத்தம் 50,000. கையால் பார்க்கும் நேரத்தில் மிச்சம் 64 மணி நேரம், 9 நாள், 12,600 ரூபாய்தான். ஆனால் ரிஜிஸ்டரில் இருக்கும் 40 புகாரில் 12 இந்தப் பாதையில் வந்தவை என்று வையுங்கள், அவை நின்றால் 60,000. ஆக 72,600 ரூபாய் பலன். முதல் வருடமே போட்ட காசு திரும்பி, 22,600 மேலே நிற்கிறது. இரண்டாம் வருடம் எழுதும் செலவு கிடையாது, 57,600.

200 டெஸ்ட்டுக்கும் இதே முறையில் போட்டால் என்ன வரும்? 40 புகாரில் பாதியைத் தடுக்கிறது என்று தாராளமாக வைத்தாலும் 1 லட்சம், அதோடு நேர மிச்சம் 64,400. முதல் வருடச் செலவு 2,37,500. முதல் வருடம் 73,100 ரூபாய் துண்டு விழும். இரண்டாம் வருடம் போய்த்தான் சரிக்கட்டும். பெரிய நிறுவனம் தாங்கும். 14 பேர் நிறுவனத்தில் எட்டாவது மாதம் ஓனர் நிறுத்தச் சொல்லிவிடுவார், போட்டதும் வீணாகும். பாதியில் நின்றுபோன ஆட்டோமேஷன் எத்தனையோ பார்த்திருக்கிறேன், எல்லாம் பெரிதாக ஆரம்பித்தவை.

காசுப் பாதை என்று சொன்னேனே, அதற்கு உங்கள் ஓனருக்கு மறக்காத உதாரணம் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் விகிதங்களை மாற்ற முடிவெடுத்தார்கள். 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18-க்கு வந்தன. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22. பத்தொன்பது நாள். பில்லிங் மென்பொருள் செய்பவர்கள் எல்லோரும் அந்தப் பத்தொன்பது நாளில் ஓடினோம். விகிதத்தை மாற்றுவது ஒரு வரி வேலை. கஷ்டம் சுற்றி இருப்பதில்தான். செப்டம்பர் 21 தேதியிட்ட பழைய பில்லைத் திரும்ப அச்சடித்தால் பழைய விகிதம்தான் வர வேண்டும். பழைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் பழைய விகிதம் வேண்டும். 22-ஆம் தேதி காலை போடும் முதல் பில்லில் புது விகிதம். மாத ரிப்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து வந்து கூட்டல் சரியாக இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு கஸ்டமரின் ஒவ்வொரு பொருளுக்கும் கையால் பார்க்க உட்கார்ந்தால் பத்தொன்பது நாள் போதாது. தேதியையும் பொருளையும் எதிர்பார்க்கும் வரியையும் ஒரு அட்டவணையாக எழுதி வைத்து, ஒரே டெஸ்ட் அந்த அட்டவணை முழுவதையும் ஓட்டும்படி செய்திருந்தால், மாற்றிய பிறகு சில நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும். கஸ்டமர் ஒருவர் கூடினால் அட்டவணையில் சில வரி கூடும், அவ்வளவுதான். கையால் சோதிப்பதில் கஸ்டமர் கூடக் கூட வேலையும் அதே அளவு கூடும். நிறுவனத்தை வளர்க்க நினைக்கும் ஓனருக்கு இந்த ஒரு வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

எப்படி எழுதுவது என்பதிலும் செலவு அடங்கியிருக்கிறது, அதனால் அதையும் கொஞ்சம் சொல்கிறேன். ஆட்டோமேஷன் என்றதும் எல்லோரும் பிரவுசரைத் திறந்து பட்டனை அழுத்தும் டெஸ்ட்டைத்தான் நினைக்கிறார்கள். 2004-இல் வந்த செலினியம், மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட் எல்லாம் அதற்குத்தான். இரண்டும் இலவசம், லைசென்ஸ் செலவு என்று ஒன்று உங்கள் கணக்கில் வரவே வேண்டாம். ஆனால் ஸ்கிரீன் வழியாக ஓடும் டெஸ்ட் மெதுவானது, சீக்கிரம் உடையும். கழிவுக் கணக்கைச் சோதிக்க லாகின் செய்து, மெனு திறந்து, வண்டி எண் அடித்து, அச்சு வரை போக வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கணக்கைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டால் நேராக அதைக் கூப்பிட்டுச் சோதிக்கலாம், நூறு விதமான எடைக்கும் கழிவுக்கும் ஒரு வினாடியில் பதில் வரும். உங்கள் 40-இல் 30 இப்படி இருக்கட்டும். மீதி 10 மட்டும் ஸ்கிரீன் வழியாக, காலை முதல் சாயங்காலம் வரை ஒரு ஆபரேட்டர் செய்யும் வேலையை அப்படியே நடத்திப் பார்க்கட்டும். பிரித்து எழுத டெவலப்பர் உதவி வேண்டும், அதையும் 14 நாளுக்குள் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

எடைமேடை என்பதால் ஒரு சந்தேகம் வரும். எடை காட்டும் கருவி சீரியல் போர்ட் (கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் இடம்) வழியாக எண்ணை அனுப்புகிறது, ஆபீஸில் எடைமேடை ஏது? கருவி அனுப்புவது ஒரு எழுத்து வரிசைதான். அதே வரிசையை அனுப்பும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி, அதைக் கருவியின் இடத்தில் வைக்கலாம். அதில் ஒரு பெரிய வசதி உண்டு. நிஜ எடைமேடையில் நினைத்த நேரத்தில் கொண்டுவர முடியாததையெல்லாம் இதில் கொண்டுவரலாம்: எடை ஆடிக்கொண்டே இருப்பது, பாதி எண் வந்து நின்றுபோவது, கரண்ட் போய்த் திரும்பி வந்தபிறகு பூஜ்யம் காட்டுவது. நிஜத்தில் பில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான்.

ஆட்டோமேட் செய்யக் கூடாததையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள், அப்போதுதான் உங்கள் மேல் நம்பிக்கை வரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு சரியான இடத்தில் கிழியும்படி அச்சாகிறதா, தமிழ்ப் பெயர் உடையாமல் வருகிறதா, பழக்கமில்லாத ஆபரேட்டருக்கு ஸ்கிரீன் புரிகிறதா என்பதெல்லாம் மனிதக் கண் பார்க்க வேண்டியவை. புதிதாக வந்த, வாரத்துக்கு ஒரு தடவை மாறிக்கொண்டிருக்கும் ஸ்கிரீனையும் விட்டுவிடுங்கள், அது ஒரு நிலைக்கு வரட்டும். உங்கள் கூட வேலை செய்பவருக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் இதைச் சொல்லுங்கள், ஓனரிடமும் சொல்லுங்கள். ஆள் குறைப்பு என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கணக்கு பொய்யாகும், மேலே பார்த்தோமே, மிச்சம் 9 நாள்தான். அந்த 9 நாளில் இதுவரை யாரும் பார்க்காத இடங்களை அவர் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் இரண்டு ஆபத்துகளை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. ஒன்று, நிலையில்லாத டெஸ்ட். ஒரு தடவை பாஸ், கோடிங் எதுவும் மாறாமலே அடுத்த தடவை ஃபெயில். பெரும்பாலும் ஸ்கிரீன் வருவதற்குள் டெஸ்ட் பட்டனைத் தேடியிருக்கும், அல்லது போன தடவை விட்டுப்போன டேட்டா குறுக்கே வந்திருக்கும். இப்படி இரண்டு டெஸ்ட் இருந்தாலே "அது சும்மா அப்படித்தான் காட்டும்" என்ற பேச்சு ஆபீஸில் வந்துவிடும், நிஜமாகத் தப்பு வரும்போதும் யாரும் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட டெஸ்ட்டை அன்றே சரி செய்யுங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். 40-இல் 38 போதும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஆட்டோமேஷன் நன்றாகக் கற்றுக்கொண்டவர் ஓசூரில் எத்தனை நாள் இருப்பார்? எல்லையைத் தாண்டினால் பெங்களூரின் ஐடி பகுதியான எலெக்ட்ரானிக் சிட்டி, காலையில் பஸ் ஏறிப் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம், சம்பளமும் அதிகம். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படிப் போனவன்தான். உங்கள் ஓனர் இதை வாய்விட்டுச் சொல்லாமல் மனதில் வைத்திருப்பார். பதில் இதுதான்: டெஸ்ட்டுகளை டெவலப்பர்கள் தினமும் எழுதும் அதே மொழியில் எழுதுங்கள், மென்பொருள் கோடிங் இருக்கும் அதே இடத்திலேயே வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும்படி செய்யுங்கள், உடைந்தால் உடைத்த டெவலப்பரே சரி செய்யட்டும். ஒரு ஆள் தன் லேப்டாப்பில் தனியாக வைத்து ஓட்டும் ஆட்டோமேஷன், அவர் வேலையை விடும் நாளில் அவரோடு போய்விடும். எல்லோருக்கும் தெரிந்தது என்றால் யார் போனாலும் நிற்கும். பராமரிப்புக்கு மாதம் அரை நாள் போதும் என்று நான் போட்டதும் இந்த ஏற்பாடு இருந்தால் மட்டும்தான்.

வெளிநாட்டுப் புள்ளிவிவரங்களைச் சேர்க்கலாமா என்று தோன்றும். 2002-இல் அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப அமைப்பான என்ஐஎஸ்டி, மென்பொருள் பிழைகளால் அந்த நாட்டுக்கு வருடத்துக்கு 5,950 கோடி டாலர் நஷ்டம் என்றும், சோதனையை மேம்படுத்தினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவிர்க்கலாம் என்றும் கணித்தது. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய மென்பொருளை எட்டு சர்வரில் போட வேண்டியிருந்தது, ஒன்றில் போடாமல் விட்டுவிட்டார்கள், முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போனது. எல்லாம் உண்மை, ஆனால் ஓனருக்கு எழுதும் பக்கத்தில் வைக்காதீர்கள். "அது அமெரிக்கா" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் 1 ரூபாய், டெஸ்டிங்கில் 10, கஸ்டமரிடம் போனால் 100 என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறதே, அதையும் விடுங்கள். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற விகிதம் என்று அப்படி ஒன்று கிடையாது. உங்கள் வாட்ஸப் குரூப்பிலிருந்து தேதியோடு எடுத்த மூன்று புகார், ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு, அவ்வளவு போதும். அந்தக் கஸ்டமரின் பெயரைப் படித்ததும் அவருக்கே அந்த நாள் நினைவுக்கு வரும்.

ஆக, பக்கத்தில் மேலே அந்த மூன்று புகாரும் வருட மொத்தமும். அடுத்து தள்ளிப்போன ரிலீஸ்களும் அதனால் தாமதமான பணமும். அப்புறம் 40 டெஸ்ட், 14 நாள், 50,000 ரூபாய், எதை ஆட்டோமேட் செய்யப் போவதில்லை என்ற நான்கு வரி. கடைசியில் எப்போது நிறுத்தலாம் என்பதையும் எழுதுங்கள்: ஆறு மாதம் கழித்து இந்த டெஸ்ட்டுகள் கஸ்டமருக்குப் போகும் முன் எத்தனை தப்பைப் பிடித்தன என்று எண்ணுவோம், ஐந்துக்குக் குறைவு என்றால் இதை வளர்க்க வேண்டாம். நிறுத்தும் இடத்தைச் சொல்லும் திட்டத்துக்கு அனுமதி கிடைப்பது சுலபம். எண்ணுவதற்கு ஒரு நோட்டும் போடுங்கள், பிடித்த ஒவ்வொன்றுக்கும் தேதி, எந்த டெஸ்ட், தப்பிப் போயிருந்தால் எந்தக் கஸ்டமருக்குப் போயிருக்கும் என்று ஒரு வரி.

ஆரம்பிக்க ஏற்ற நேரம் ஆகஸ்ட். சீசன் முடிந்து டெவலப்பர்களுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும், புகார்களும் நினைவில் புதிதாக இருக்கும். ஜனவரிக்குள் 40-உம் தினமும் ஓடிக்கொண்டிருந்தால், ஏப்ரலில் முதல் லோடு எடைமேடை ஏறுவதற்கு முன் அவற்றை நம்பலாமா என்று பார்க்க மூன்று மாதம் இருக்கும். முதல் டெஸ்ட்டாகக் கழிவுக் கணக்கை எழுதுங்கள். எண்ணுக்கு வேறெங்கும் போக வேண்டாம், போன சீசனில் கஸ்டமரிடம் தகராறு வந்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்து அதிலிருக்கும் எடையையே போடுங்கள்.

ரிஜிஸ்டரை எண்ணி முடித்தபிறகு எண்களைச் சொல்லுங்கள், உங்கள் கணக்கை ஒரு தடவை சேர்ந்து பார்க்கலாம்.